மறுபடி எழுத வருவோர் கவனத்திற்கு

இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், இணையத்தில் தமக்கென்று ஒரு தனிப்பக்கம் அமைத்துக்கொண்டு, அலுவலகம் விட்டு வந்த இரவுகளிலும் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களிலும், தாம் பிறந்த ஊரையும் தம்மை வளர்த்த பாட்டியையும் தாம் பார்த்த சினிமாவையும் பற்றிச் சலிக்காமல் எழுதிவந்தவர்கள் பலர், பிற்பாடு ஒவ்வொருவராக மௌனமாகிப் போனார்கள். அவர்களில் கணிசமானோர் இப்போது உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றோ, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டோ, மறுபடி எழுத ஆசைப்படுகிறார்கள் என்பதை அவர்களுடைய பேச்சிலிருந்தே அறிகிறேன். நானும் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவனே. ஆசை இருக்கிறது, விஷயம் இருக்கிறது, முன்னைவிட அவகாசமும் இருக்கிறது, ஆயினும், "இனிமேல் எழுதி யார் படிக்கப் போகிறார்கள்?" என்ற ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்று கையைக் கட்டிப்போட்டுவிடுகிறது.

இதற்கு என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதத் திரும்புகிறவர் தம்முடைய பழைய முகவரிக்கே திரும்ப வேண்டும். பழைய வாசகர்களைத் தாமே வலியச் சென்று அழைக்க வேண்டும். இவ்விரண்டையும் செய்கிறவருக்கு வாசகர் இல்லாமற் போகமாட்டார்கள். இவற்றை விட்டுவிட்டு, ஊரெல்லாம் கூடியிருக்கும் இடத்தில் போய் நின்று உரக்கப் பேசினால் போதும் என்று நினைக்கிறவர், சில மாதங்களில் முன்னிலும் ஆழமான மௌனத்துக்குள் போய்விடுவார்.

இப்படிச் சொல்வதன் நியாயம் விளங்க வேண்டுமானால், அந்தப் பழைய நாட்களைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழில் வலைப்பூ என்ற வடிவம் 2003-ஆம் ஆண்டையொட்டித்தான் தலைகாட்டிற்று. அதற்குச் சிறிது முன்பு வரையில், கணினியில் தமிழைப் படிப்பதே ஒரு சாகசமாக இருந்தது. ஒருவர் ஓர் எழுத்துருவில் எழுதியது இன்னொருவருடைய கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். திஸ்கி என்றும் தாப் என்றும் தாம் என்றும் பல குறியீட்டு முறைகள் வழங்கிவந்தன. எ-கலப்பை போன்ற விசைப்பலகை மென்பொருளை இறக்கிக்கொண்டு, எழுத்துரு மாற்றும் கருவிகளின் தயவை நாடி, ஒருங்குறி வந்து நிலைபெறும் வரையில் பொறுமையோடு இருந்தவர்களே அன்று எழுதினார்கள், அவர்களே படித்தார்கள். 2004-இல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' என்ற திரட்டியைத் தொடங்கினார். அன்றன்று யார் யார் என்ன எழுதினார்கள் என்பதை ஒரே இடத்தில் பார்க்கும் சௌகரியம் அதனால் உண்டாயிற்று; சிதறிக் கிடந்தவர்கள் ஒரு சமூகமாயினர். சென்னைப் புறநகராகிய பல்லாவரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் தம் தெருவின் குடிநீர்க் கஷ்டத்தைப் பற்றி எழுதினால், அதன் கீழே டொரோண்டோவிலிருந்து ஒருவரும் சிங்கப்பூரிலிருந்து ஒருவரும் பின்னூட்டம் இடுவார்கள். யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டு வெகுகாலமான ஒருவர், தம் வீட்டுக் கிணற்றை நினைத்துக்கொண்டு, மூலக் கட்டுரையைவிட நீளமாகப் பதில் எழுதுவார். எழுதியவருக்கு அந்தப் பதிலே சன்மானம்.

அந்தச் சமூகம் எவ்வாறு கலைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சண்டை சச்சரவுகள் ஒரு காரணம்தான். ஆனால் பிரதானமான காரணம் வேறு. முகநூலும் அதைப் போன்றவையும் வந்தபோது, நாலு வரி எழுதினால் நாற்பது பேர் உடனே கைதட்டுகிற சுகத்தைக் கண்டு, நாற்பது வரி எழுதி நாலு பேருக்காகக் காத்திருந்தவர்கள் அங்கே குடிபெயர்ந்தார்கள். அதே சமயத்தில், வாசகரை எழுத்தாளரிடம் கொண்டுவந்து சேர்த்த பாதைகளும் ஒவ்வொன்றாக அடைபட்டன. பலர் தங்கள் முதற் பக்கங்களை அமைத்திருந்த யாஹூவின் ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டது. வாசகர் விரும்பும் பக்கங்களில் புதிதாக எது வந்தாலும் செய்தியோடை வழியே திரட்டிக் கொடுத்த கூகுள் ரீடர் 2013 ஜூலை முதல் தேதியோடு நின்றது. 'ராயர் காபி கிளப்', 'மரத்தடி' முதலிய தமிழ்க் குழுக்கள் கூடிப் பேசிய யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் அடியோடு மறைந்தன. வாசகர் எழுத்தாளரை வெறுத்து விலகினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். இடையிலிருந்த ஸ்தாபனங்கள் தங்கள் வியாபார நோக்கப்படி கடையைக் கட்டியபோது, இருவரும் ஒருவரையொருவர் தொலைத்துவிட்டார்கள். அவ்வளவே நடந்தது. ஆகையால், தேடினால் கிடைப்பார்கள்.

எழுத்தை இடைவிட்டுத் தொடர்வதற்கும், விட்ட வாசகரை மறுபடி பிடிப்பதற்கும், நான் குடியிருக்கும் இந்தப் பல்லாவரத்திலேயே ஓர் உத்தமமான முன்னுதாரணம் உண்டு. மறைமலையடிகள், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராக இருந்துவிட்டு, அந்த உத்தியோகத்தைத் துறந்து, அந்நாளில் பட்டணத்துக்கு வெகுதொலைவாகக் கருதப்பட்ட இந்த ஊருக்குக் குடிவந்து, 1950 செப்டம்பர் 15-ஆம் தேதி காலமாகும் வரையில் இங்கேயே வாழ்ந்தார். ஊருக்கு வருமுன்பே, 1902-இல், 'ஞானசாகரம்' என்ற பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். தனித்தமிழ்க் கொள்கையை மேற்கொண்டபின் அதுவே 'அறிவுக்கடல்' ஆயிற்று. மாதந்தவறாமல் வந்த பத்திரிகை என்று அதைச் சொல்வதற்கில்லை. பொருள் முட்டுப்பாடும், இலங்கை வரையில் நீண்ட சொற்பொழிவுப் பிரயாணங்களும், முடிவு காணாத ஆராய்ச்சிகளும் குறுக்கிட, இடையிடையே நின்று, நின்றதனால் சோர்ந்துவிடாமல் மறுபடி வெளிவந்தது. பல்லாவரத்தில் சொந்தமாகவே அச்சுக்கூடம் வைத்துக்கொண்டதும், ஆசிரியருடைய விலாசம் மாறாமல் இருந்ததும் இங்கே கவனிக்கத்தக்கவை. இதழ் வரவில்லையே என்று கவலைப்பட்ட சந்தாதாரருக்கு, எங்கே எழுதிக் கேட்கவேண்டும் என்பதில் ஒரு நாளும் சந்தேகம் இருந்திராது.

அக்காலத்துச் சிறு பத்திரிகாசிரியர் ஒவ்வொருவரிடமும் சந்தாதாரர் ஜாபிதா ஒன்று இருக்கும். தடித்த அட்டை போட்ட நோட்டுப் புஸ்தகத்தில், ஊர்வாரியாக, பெயரும் தெருவும் தபாலாபீசும் எழுதி, சந்தா வந்த தேதியையும் தீர்ந்த தேதியையும் எதிரே குறித்திருப்பார்கள். காகிதம் வாங்கப் பணமில்லாமல் பத்திரிகை ஆறு மாதம் நின்றாலும், அந்த நோட்டுப் புஸ்தகம் மேஜை டிராயரில் இருக்கும்வரை பத்திரிகை செத்துவிட்டதாகச் சொல்ல முடியாது. ஒரு கட்டு தபால் கார்டுகள் வாங்கிவந்து எழுதிப் போட்டால், பாதிப் பேராவது திரும்பி வருவார்கள். இன்று சமூக ஊடகத்தில் ஐயாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள் என்று பெருமை கொள்கிறவரிடம் அந்த ஜாபிதா இல்லை. அது அந்தக் கம்பெனியிடம் இருக்கிறது. இவர் எழுதியதை அந்த ஐயாயிரம் பேரில் யாருக்குக் காட்டுவது, யாருக்கு மறைப்பது என்று நிர்ணயிக்கும் அதிகாரமும் அதனிடமே இருக்கிறது. எழுதுகிறவர் ஓராண்டு நோயில் படுத்துவிட்டு எழுந்து வந்தால், அவரைக் காணோமே என்று ஏங்கிக்கொண்டிருந்த வாசகருக்கும் அவர் வந்த செய்தி போய்ச் சேராமலே போகலாம்.

வாசகர் தம் பங்குக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு இன்னொரு சரித்திரம் இருக்கிறது. ந. பிச்சமூர்த்தி 1930-களில் 'மணிக்கொடி' பத்திரிகைக் காலத்தில் யாப்பை மீறிய கவிதைகளைத் தமிழில் எழுதிப் பார்த்தவர். 1940-களுக்குப் பிறகு அந்த முயற்சியை விட்டு ஒதுங்கியிருந்தார். சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியபோது, பிச்சமூர்த்தி முன்னொரு சமயம் எழுதி, வெளிவந்து, மறக்கப்பட்டுப் போயிருந்த 'பெட்டிக்கடை நாரணன்' என்ற கவிதையை எடுத்து மறுபிரசுரம் செய்தார். பிச்சமூர்த்தி மீண்டும் கவிதை எழுதத் தொடங்கினார். இளைஞர் பலர் அவரைப் பின்பற்றி எழுத வந்தார்கள். தமிழ்ப் புதுக்கவிதை ஓர் இயக்கமாயிற்று. இதில் செல்லப்பா முதலில் செய்தது, பழைய வாசகர் ஒருவர் செய்யவேண்டிய காரியத்தை. 'நீங்கள் எழுதியது எனக்கு ஞாபகம் இருக்கிறது' என்பதைச் செய்கையால் தெரிவித்தார். மௌனமாயிருந்த ஒரு பெரிய கவிஞரை அது பேசவைத்தது என்றால், சாமானியராகிய நம்மை அது என்ன செய்யாது?

"பிச்சமூர்த்தியும் மறைமலையடிகளும் மகான்கள், பக்கத்து வீட்டுப் பலா மரத்தைப் பற்றி எழுதுகிறவர் திரும்பி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடையாக ஒரு மழையை நினைவுபடுத்துகிறேன். 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீரில் மூழ்கின. படகில் ஜனங்களை மீட்டார்கள். அந்த வாரத்தில் இந்தப் புறநகர்வாசிகள் எழுதிக் குவித்த குறிப்புகளுக்குக் கணக்கில்லை. எந்தத் தெருவில் மார்பளவு தண்ணீர், எந்தக் கல்யாண மண்டபத்தில் சாப்பாடு, யார் வீட்டு மாடியில் கைக்குழந்தையோடு எத்தனை பேர் என்று, எந்த அரசாங்க அறிக்கையிலும் இடம்பெறாத விவரங்கள் அவற்றில் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் எழுதப்பட்டவை. இன்றைக்கு அவற்றைத் தேடி எடுக்க முயன்று பாருங்கள். எழுதியவருக்கே தாம் எழுதியது அகப்படாது. தம் சொந்தப் பக்கத்தில், தேதியிட்டு, தலைப்புக் கொடுத்து ஒருவர் எழுதி வைத்திருந்தால், அது பக்கத்தோடு இருக்கும். தேடுகிறவர் கைக்குக் கிடைக்கும்.

பல்லாவரம் பெரிய ஏரியை ஊடறுத்துக்கொண்டு துரைப்பாக்கத்துக்கு இருநூறடிச் சாலை போனதையும், ஏரியின் ஒரு பக்கத்தில் குப்பை மலையாகச் சேர்ந்ததையும், அதற்கு முன் அங்கே நீர்ப்பறவைகள் வந்திறங்கியதையும், கண்ணால் கண்டவர் எழுதினாலன்றி வேறு யார் எழுதுவார்கள்? 2021-இல் பல்லாவரம் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. ஊரின் பெயர்ப் பலகைகள்கூட மாறுகிற காலத்தில், பெயர் தெரியாத ஒருவருடைய சொந்தக் குறிப்பே ஊருக்குச் சரித்திரமாகிறது. மறைமலையடிகள் 1898 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நாட்குறிப்பு எழுதிவந்தார், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். அவருடைய சித்தாந்த நூல்களைப் படிக்காத ஆராய்ச்சியாளரும், அக்கால வாழ்க்கையை அறிவதற்கு அந்த நாட்குறிப்பைத் தேடிப் போகிறார்கள். அன்றாட வாழ்வைப் பற்றிய சொந்த எழுத்து அற்பமானது என்பவர்களுக்கு இதற்கு மேல் பதில் வேண்டியதில்லை.

பழைய வாசகர் எப்படிப்பட்டவர் என்பதைப் பார்க்க விரும்புகிறவர்கள், வெள்ளிக்கிழமைதோறும் பழைய பல்லாவரத்தில் கூடும் சந்தைக்கு ஒரு முறை போய்வரலாம். பழைய மின்விசிறிகளுக்கும் பூச்செடித் தொட்டிகளுக்கும் நடுவே, தார்ப்பாயில் புஸ்தகங்களைப் பரப்பி வைத்திருப்பார்கள். வார இதழ்களில் வந்த தொடர்கதையை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி போட்டு பைண்டு செய்த தொகுதி ஒன்றை அங்கே நான் புரட்டிப் பார்த்தேன். பக்கங்களின் ஓரம் பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்தது. முதல் பக்கத்தில் நீல மசியில் ஒரு பெண்மணியின் கையெழுத்து. நடுவே ஓர் அத்தியாயம் விட்டுப்போயிருக்க, அந்த இடத்தில் கோடு போட்ட தாளைச் செருகி, அந்த அத்தியாயம் முழுவதையும் கையாலேயே நகல் எடுத்து ஒட்டியிருந்தார். வேறொருவர் வீட்டுப் பிரதியை இரவல் வாங்கிவந்து எழுதியிருக்க வேண்டும். அந்தக் கதையை எழுதியவருக்கு இந்த வாசகியைத் தெரிந்திருக்க நியாயமில்லை. இத்தகைய வாசகர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்திருந்தால், எந்த எழுத்தாளர்தான் பேனாவைக் கீழே வைப்பார்?

இணையத்தில் அந்த வாசகியின் வாரிசுகள் இல்லை என்று நினைக்க வேண்டாம். எழுத்தாளர் ஜெயமோகன் 2014-ஆம் ஆண்டின் முதல் நாளில் 'வெண்முரசு' நாவல் வரிசையைத் தொடங்கி, இணையத்திலேயே நாள்தோறும் ஓர் அத்தியாயமாக வெளியிட்டு, 2020-இல் 26 நாவல்களாக முடித்தார். அத்தனை காலமும் அதைத் தினந்தோறும் காலையில் தேடிப் போய்ப் படித்து, கடிதம் எழுதி விவாதித்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். அவருடைய கருத்துகளை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் இஷ்டம். ஆனால் நாள் தவறாமல், இடம் மாறாமல் எழுதுகிறவரைத் தேடி வாசகர் வருவார் என்பதை அந்த ஆறரை ஆண்டு நிரூபித்துவிட்டது. நீண்ட எழுத்தைப் படிக்க ஆளில்லை என்ற புலம்பலுக்கும் அது விடை.

அப்படியானால் சமூக ஊடகங்களை அடியோடு விட்டொழிக்க வேண்டுமா என்றால், அவசியமில்லை. சந்தையில் நின்று நாலு பேரைக் கூப்பிடலாம், தப்பில்லை. ஆனால் வந்தவர்களை உட்காரவைத்து உபசரிக்க வீடு என்று ஒன்று இருக்க வேண்டும். சந்தை வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு கலைந்துவிடும், வீடு மறுநாளும் இருக்கும். எழுத்து முழுவதையும் சொந்தப் பக்கத்தில் பிரசுரித்து, அதன் இணைப்பை மட்டும் பொது இடத்தில் கொடுப்பதே விவேகம்.

இனி, திரும்பி வருகிறவர்களுக்குச் சில காரியங்களைச் சொல்லத் துணிகிறேன். பழைய பக்கத்தின் கடவுச்சொல் மறந்துபோயிருந்தால், சிரமப்பட்டாவது அதை மீட்டெடுங்கள். புதிய பெயரில் புதிய பக்கம் தொடங்கும் சபலத்துக்கு இடங்கொடாதீர்கள். உங்களைத் தேடும் வாசகருக்குத் தெரிந்தது அந்தப் பழைய பெயர்தான்; எங்கோ ஒரு கட்டுரையில் யாரோ உங்களைச் சுட்டிக் கொடுத்த இணைப்பும் அந்தப் பழைய முகவரிக்கே இட்டுச் செல்லும். திஸ்கியில் எழுதியவை இருந்தால் ஒருங்குறிக்கு மாற்றுங்கள்; மாற்றாவிட்டால் உங்கள் பேரக்குழந்தைகளுக்கு அவை கல்வெட்டைவிடக் கடினமாகத் தோன்றும். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்கள் கையில் இருக்கட்டும், இலவசமாக இடம் கொடுத்த எந்தக் கம்பெனியும் சாசுவதமல்ல. பழைய பின்னூட்டங்களைப் படித்துப் பாருங்கள். அங்கே அடிக்கடி வந்தவர்களின் பெயர்களே உங்களுடைய ஜாபிதா. மின்னஞ்சல் முகவரி தெரிந்தவர்களுக்குத் தனித்தனியே ஒரு கடிதம் எழுதுங்கள். பத்துப் பேருக்கு எழுதினால் சிலர் முகவரி மாறியிருப்பார்கள், சிலர் பதில் போடமாட்டார்கள், ஒருவர் காலமாகிவிட்ட செய்தி அவருடைய மகனிடமிருந்து வரலாம். எஞ்சியவர்கள் போதும்.

மௌனத்துக்குக் காரணம் சொல்லி ஒரு நீண்ட முகவுரை எழுத வேண்டியதில்லை. இனி வாரந்தோறும் எழுதுவேன் என்று சபதமும் வேண்டாம். நின்றுபோன எத்தனையோ பக்கங்களில் கடைசியாகக் கிடப்பது அப்படிப்பட்ட ஒரு சபதம்தான். சொல்ல வந்த விஷயத்தை நேரே தொடங்குங்கள். பதினைந்து வருஷத்துக்கு முன் எழுதிய நடையும் நகைச்சுவையும் இப்போது வரவில்லையே என்று மனக்கிலேசம் கொள்ளாதீர்கள். வாசகருக்கும் பதினைந்து வயது ஏறியிருக்கிறது. அன்று அவரைச் சிரிக்கவைத்தது இன்று சிரிக்கவைக்கும் என்ற நிச்சயம் இல்லை. அன்று அவசரத்தில் கடந்துபோன ஒரு விஷயத்தை, இன்று அவரே நின்று கேட்க விரும்புவார்.

தனிமனிதர் முயற்சியோடு இது முடிந்துவிடவும் கூடாது. மறைமலையடிகள் காலமான பின், அவர் அருமையாகச் சேர்த்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான நூல்கள் சிதறிப் போகாமல், சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் வ. சுப்பையா பிள்ளை முயற்சியால், 1958-இல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் அவர் பெயராலேயே ஒரு நூலகமாயின. எழுதியவர் மறைந்தபின் எழுத்தைக் காப்பது பிறர் கடமை என்பதற்கு அது சாட்சி. தமிழின் பழைய நூல்களை மின்வடிவில் கொண்டுவர 1998-இல் மதுரைத் திட்டம் தொடங்கியது. ஈழத்து நூல்களுக்காக 2005-இல் நூலகம் திட்டம் தோன்றியது. இரண்டும் தன்னார்வலர்களின் உழைப்பு. இணையத்திலேயே பிறந்த தமிழ் எழுத்தைச் சேகரிக்கவும் அதே சிரத்தை வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம் இதைத் தன் பொறுப்பாக ஏற்று, எழுதியவர்களின் சம்மதத்தோடு, இந்த நூற்றாண்டின் முதல் இருபதாண்டுத் தனிப்பக்கங்களை நகலெடுத்துப் பாதுகாக்குமானால், இலக்கிய வரலாறு எழுதுகிறவர்களுக்கு மட்டுமன்றி, தமிழன் அந்நாளில் எப்படி வாழ்ந்தான் என்று கேட்கிற யாவருக்கும் அது பேருதவியாகும்.

அரசாங்க ஸ்தாபனம் செய்யும் வரையில் நாம் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு காலத்தில் நீங்கள் விரும்பிப் படித்து, இப்போது நின்றுபோய்விட்ட பக்கம் ஒன்று உங்கள் ஞாபகத்தில் நிச்சயம் இருக்கும். அதை எழுதியவருக்கு இன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். பொதுவாகப் புகழாமல், எந்தக் கட்டுரை, அதில் எந்த இடம் உங்கள் நினைவில் தங்கியிருக்கிறது என்று குறிப்பிட்டு எழுதுங்கள். செல்லப்பா செய்தது அதுதான். அதைச் செய்வதற்குப் பத்திரிகாசிரியராக இருக்க வேண்டியதில்லை.